மின்ஜிக்குச் சுற்றிப் போட்டார்கள்

14 ஜூன் 2006, புதன்

கொரியாவிலிருந்து எங்கள் சபைக்கு ஊழியத்துக்கு வந்திருக்கும் மாணவிகளுக்கு நான்தான் மொழிபெயர்க்கிறேன். இன்று மின்ஜியைப் பிள்ளைச்சாவடிக்கு அழைத்துப் போனேன். மீன் விற்கும் செல்வி அக்காவின் இடுப்புவலிக்காக அவள் ஜெபிக்க வேண்டும். அவளுக்கே இரண்டு நாளாகக் காய்ச்சல். வீட்டு நினைப்பில் அழுகை வேறு.

ஜெபம் முடிந்ததும் அக்கா அவள் முகத்தையே பார்த்தார்.

"ஊர்க் கண்ணு மொத்தமும் இந்தப் பொண்ணு மேலதான் கெடக்குது. அப்படியே உக்காரச் சொல்லு."

நான் வாய் திறப்பதற்குள் உப்பையும் மிளகாயையும் அள்ளிவந்து அவள் தலையைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். என்ன செய்கிறார் என்று மின்ஜி கேட்டாள். போதகரின் மகள் நான், என்னவென்று சொல்வேன்? உனக்காக ஜெபிக்கிறார் என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாவது சுற்று முடிந்ததும் "ஆமென்" என்றாள்.

அக்கா எல்லாவற்றையும் அடுப்பில் போட்டார். "பாத்தியா, நெடியே வரல. எவ்ளோ கண்ணு பட்டிருக்கு!"

சாயங்காலம் சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் மின்ஜி எழுந்தாள். இன்று ஒரு அம்மா எனக்காக ஜெபித்தார் என்றாள். அதையும் நான்தான் தமிழில் சொன்னேன். அப்பா சத்தமாக "ஸ்தோத்திரம்" என்றார்.

சொன்னது பொய்யா என்று இன்னும் தெரியவில்லை. நாளைக்கு அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அவர் முகம்...

மின்ஜி பக்கத்துப் பாயில் தூங்குகிறாள். வந்ததிலிருந்து இன்றுதான் அழாமல் தூங்குகிறாள். இப்போதுதான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை.