எட்டாவது பெட்டியின் பச்சை வயர்

மச்சான்,

இன்று காலை தண்ணீர் சுட வைக்கக் கேத்தல் பிளக்கை அழுத்தியதும் டிரிப் சுவிட்ச் விழுந்து வீட்டில் கரண்ட் போனது. கேத்தலைக் கழற்றியும் சுவிட்ச் மேலே நிற்கவில்லை. மெயினை நிறுத்திவிட்டு சுவர்ப் பிளக்கின் மூடியைத் திறந்தேன். கருகிய பிளாஸ்டிக் வாடை. கரண்ட் வயர் நழுவி, சுவருக்குள் இருக்கும் இரும்புப் பெட்டியில் முட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டிக்கும் பிளக்கின் எர்த்துக்கும் நடுவே ஒரு விரல் நீளப் பச்சை வயர், முனை இரண்டாக மடித்து முறுக்கியபடி. அந்த மடிப்பை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். நான் வயரிங் செய்த என் வீட்டுச் சுவரில் உன் கை!

"இது எப்போ?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"நீங்க கண்டிக்கு வேலைக்குப் போயிருந்தப்ப அண்ணே வந்து போட்டுக் குடுத்தாரு. 'அவன்கிட்ட சொல்லாத தங்கச்சி, ரோஷக்காரன்'னாரு."

தோட்டத்து லய வீட்டை விட்டு வட்டகொடையில் இந்தப் புது வீட்டுக்கு வந்த அன்று, "பெட்டியும் இரும்பு தானே மச்சான், அதுக்கும் ஒரு எர்த் குடு" என்றாய். "பிளக்குல எர்த் இருக்குல்ல, போடா பெரிய இன்ஜினியர்" என்றேன். இரண்டு பேரும் ஒன்றாக வயரிங் வேலைக்குப் போனாலும் ஊருக்கெல்லாம் நீதான் வேண்டும் என்ற காந்தல் எனக்கு. ஹட்டன் கடைக்கார நானா வேலைக்கு வந்த என்னைத் தனியே கண்டால், "அவர் வரல்லயா? அப்ப நாளைக்குப் பாப்பம்" என்பார். பொறாமைதான், வேறென்ன? நீ செத்தும் தீரவில்லை.

ஊராரை விடு. இவள் லயத்தில் பிளக் ஸ்க்ரூவில் கைபட்டு கரண்ட் அடித்தவள். நான் போட்ட பிளக்கைக் கைத்துணி பிடித்துத்தான் தொடுவாள். கண்டியிலிருந்து வந்து பார்த்தால் வெறுங்கையால் தொடுகிறாள். ஒருவழியாக என்னை நம்பிவிட்டாள் என்று இத்தனை வருஷம் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன். அதுவும் உனக்குத்தானா, பாவி? அந்த வயர் இல்லையென்றால் இன்று டிரிப் விழுந்திருக்காது. பெட்டியில் முறுக்கிய மூடி ஸ்க்ரூவில் கரண்ட் ஏறி, அவள் கைக்காகக் காத்திருந்திருக்கும். அதுதான் இன்னும் எரிகிறது.

நழுவிய வயரை இறுக்கிவிட்டு, வெறி பிடித்தவன் மாதிரி எல்லாப் பிளக்கையும் திறந்தேன். ஏழிலும் உன் மடிப்பு. எட்டாவது அலமாரிக்குப் பின்னால். தனியாளாய் அலமாரியை நகர்த்த உன்னால் முடியவில்லை போலும், அங்கே வெறும் பெட்டி. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவன் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

துருவைச் சுரண்டி அதற்கு நானே எர்த் போட்டேன். கை தன்பாட்டில் உன்னைப் போலவே மடித்தது. அவிழ்க்கப் பார்த்தேன், விட்டுவிட்டேன். மிச்சப் பச்சை வயரை வேலைப் பையில் போட்டுக்கொண்டேன். இனி எந்த வீட்டு வேலைக்குப் போனாலும் அது என்னோடு வரும்.

"அதுலயும் அண்ணே போட்டிருக்காரா?" என்றாள்.

"இல்ல, இது நான்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

மெயினைப் போட்டேன். அவள் தோளிலிருந்த கைத்துணியை எடுத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். துணியைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டு, வெறும் விரலை அந்த எட்டாவது பிளக்கின் ஸ்க்ரூ மேல் வைத்தாள்.

பார்த்துக்கொள் மச்சான். இது ஒன்று என்னுடையது.