கிணற்றடித் தென்னைகள்

14.05.2000

ஓம், நான்தான் கேட்டேன். "எப்ப ஊருக்குப் போறியள்?" என்று பொன்னையரிடம் கேட்டதில் என்ன பிழை? நான் கல்லால் எறிந்ததுபோல அம்மா என்னைத் திட்டுகிறா. ஆனையிறவை விட்டு ஆமி போன பிறகு முரசுமோட்டைச் சனம் கூரைத் தகரத்தையும் கதிரையையும் உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் போகுது. அவரும் முரசுமோட்டைதான், இடம்பெயர்ந்து வந்து எங்கள் காணியில் கொட்டில் போட்டிருக்கிறவர். ஆனால் எங்கள் கிணற்றடியில் குந்தியிருந்து தன் கொட்டில் கூரைக்குத் தென்னோலையில் புதுக் கிடுகு பின்னுகிறார். போகிற மனிசனுக்கு எதற்குப் புதுக் கிடுகு?

"அவசரப்படாதை தம்பி. வயலெல்லாம் மிதிவெடி" என்றார்.

மிதிவெடி உண்மைதான். ஆனால் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தான் வைத்த தென்னைகளைப் பார்த்துச் சொன்னார்.

02.06

மண்ணெண்ணெய் இல்லை, தண்ணி இறைக்கிற மெசின் ஓடாது. மிளகாய்க்குக் கையால்தான் இறைப்பு. உள்ளங்கை முழுக்கக் கொப்பளம்.

19.06

காலமை எழும்பிப் பார்த்தால் கிணற்றுக்கும் எங்களுக்கும் நடுவில் வேலி! தென்னை வரிசையைப் பிடித்துக் கிளுவைத் தடி நட்டிருக்கிறார் பொன்னையர். கிணறு அங்கால. நாங்கள் இங்கால.

"ஆரின்ரை காணிக்குள்ளை வேலி போடுறியள்?"

"கத்தாதை. வான்பயிர் என்ரை. அது நிக்கிற நிலம் ஆரின்ரை எண்டு பெரியாக்களிட்டைக் கேள்."

வான்பயிர் என்றால் தென்னை, மா, பலா. வருசக்கணக்காய் நின்று காய்க்கிற மரங்கள். எங்களிடமும் காணி உறுதிப் பத்திரம் இல்லை, அவரிடமும் இல்லை; காடு வெட்டின காணி. உறுதி இல்லாத இடத்தில் மரம்தான் உறுதி. அதனால்தான் கொட்டில் போட இடம் கேட்டு வருகிறவனை இங்கே ஒருத்தரும் மரம் வைக்க விடுவதில்லை. மிளகாய் போடு, வெங்காயம் போடு, தென்னை மட்டும் வைக்காதே. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கே இது தெரியும். அப்பாவுக்குத் தெரியாதா?

20.06

தெரியாது. கேட்டேன்.

"தொண்ணூத்தாறுல சட்டி பானையோட வந்து நின்னாங்க. கன்னு வெக்கட்டுமான்னு கேட்டாரு. வெச்சுக்கங்கண்ணேன்னு சொன்னேன். மரம் வெக்கிறவன யாராச்சும் வேணாம்பாங்களா?"

ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்தபோது, லயத்து வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கைத் தடி ஊன்றினாலும் துரை ஆள் விட்டுப் பிடுங்குவாராம். எழுபத்தேழுக் கலவரத்தில் அடிவாங்கி இங்கே வந்து காடு வெட்டினபோது, இனி ஆரும் எதையும் நடலாம் என்று மனிசன் நினைத்துவிட்டது. இருபது வருசம் இந்த ஊரில் கூலிக்குப் போனவருக்கு இந்த வழக்கத்தை ஒருத்தரும் சொல்லவில்லை. கூலிக்காரனுக்கு ஏன் சொல்லவேணும்?

தென்னங்கன்றுகளைத் தன்ர சைக்கிளில் கட்டி வந்து கொடுத்ததும் அப்பாதானாம். எனக்குச் சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியேல்லை.

25.06

கத்தியோடு போனேன். ஒரு தென்னை பாளை விட்டிருக்கிறது. முதலில் அதைத்தான் வெட்டவேணும் என்றிருந்தேன். அப்பா ஓடிவந்து மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"பாள விட்ட மரம்டா! என்னைய வெட்டிட்டு வெட்டு."

பொன்னையரின் மனிசி சிவனேஸ்வரி அன்ரி கொட்டில் வாசலில் நின்று சிரித்தா. "விடுங்கோ ராசு, பெடியனுக்கு இளரத்தம்."

கத்தியை எறிந்துவிட்டுச் சைக்கிளில் விசுவமடு வரைக்கும் போனேன். அங்கே ஒரு வேலையும் இல்லை. திரும்பி வந்தேன்.

06.08

சனசமூக நிலையத்தில் விசாரணை. ஊர்ப் பெரியாக்கள் மூன்று பேர். மூன்று பேரும் பொன்னையரை "அண்ணை" என்றார்கள். அப்பாவை "ராசு" என்றார்கள். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

கணபதி என்கிற தலைவர் கேட்டார்: "வான்பயிர் ஆர் வைச்சது?"

அப்பா பொய் சொல்லியிருக்கலாம். நான் பின்னாலிருந்து இடித்தேன். "அவங்கதாங்க வெச்சாங்க. நாந்தான் வெக்கச் சொன்னேன்" என்றார்.

"கிணறு?"

"நானும் எம் பொஞ்சாதியும் வெட்டுனதுங்க. வீரம்மாதான் மண்ணத் தூக்குனா."

"வெட்டினது அவர்தான்" என்றார் பொன்னையர். "இடிஞ்சு கிடந்ததைக் கல்லு வைச்சுக் கட்டினது நான்."

பின்வரிசை வாங்கில் ஒருத்தன் சொன்னான்: "தோட்டக்காட்டாருக்கு ஏன் இவ்வளவு காணி?" நான் எழும்பினேன். அப்பா என் கையைப் பிடித்து இருத்தினார்.

தீர்ப்பு: தென்னை வரிசையிலிருந்து றோட்டு வரைக்கும் பொன்னையருக்கு. கிணறும் அதோடு. "தண்ணி ஒருத்தருக்கும் மறுக்கேலாது, ஒற்றுமையாய் எடுங்கோ" என்றார் கணபதி. எல்லாரும் தேத்தண்ணி குடித்தார்கள். அப்பாவும் குடித்தார்! வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கோப்பையைத் தட்டிவிட்டிருப்பன்.

07.08

அண்டைக்கே அந்தத் தென்னையை வெட்டியிருக்கவேணும்.

01.09

வேலியில் போய்வரப் படலை வைத்தாச்சு. கொளுக்கி அவர்கள் பக்கம். பகலில் இறைக்க விடுவதில்லை, கிணறு வற்றுதாம். மிளகாயில் பாதி கருகிவிட்டது.

17.09

பொன்னையரின் வயலில் மிதிவெடி எடுத்தாச்சாம். காலபோக நெல்லுக்கு உழுகிறார். அப்ப ஊருக்குப் போகவேண்டியதுதானே? இல்லை. வயல் அங்கே, வீடு இங்கே. வரம்பு வெட்ட அப்பாவைக் கூலிக்குக் கூப்பிட்டார். அப்பா போயிட்டார். "வேற வேலை எங்கடா இருக்கு?" என்றார். கதைச்சு என்ன பயன்?

29.09

அம்மாவோடு தண்ணிக்குப் போனேன். அம்மா வழக்கம்போலக் கப்பிக் கயிற்றைப் பிடிக்கப் போனா. அன்ரி ஓடி வந்தா.

"நீங்கள் ஏன் கஷ்டப்படுறியள் வீரம்மா? கயிறு வாளி தொடாதேங்கோ. நான் அள்ளி ஊத்திறன்."

எவ்வளவு அன்பான குரல்! நாலு வருசம் ஒரே கயிற்றில்தான் அள்ளினோம். அவர்கள் வந்து இறங்கின அன்று அம்மாதான் அந்தக் கயிற்றை அன்ரியின் கையில் கொடுத்தா.

அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்றா. ஒருத்தரும் சொல்லாமல், எவ்வளவு தூரம் தள்ளவேணும் என்று தெரிந்த மாதிரி. "ரொம்ப நன்றிங்கக்கா" என்றா.

வரும் வழியில் என் முகத்தைப் பார்க்கவில்லை.

03.10

அம்மாவுக்குக் காய்ச்சல், படுத்திருக்கிறா. அப்பா முரசுமோட்டை வயலில். வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. அன்ரி கோயிலுக்கு வெளிக்கிட முன்னம் போனால்தான் கிடைக்கும். படலைக்கு இங்கால நின்று கூப்பிடவேணும். அன்ரி ஊத்தும் வரைக்கும் குடத்தை வைத்துவிட்டு நிற்கவேணும். நான்.

மாட்டன் எண்டு சொல்லிப்போட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறன். அம்மா தண்ணி தண்ணி எண்டு முனகிறா. அங்கால அன்ரி கொட்டில் கதவைச் சாத்திற சத்தம் கேக்குது. போகவேணும்.