புது பிளேடு

மார்ச் 4

வாலுத் தங்கைக்கு,

ஒன்றே முக்கால் நுரையீரல்காரன் எழுதுவது. போனில் நாலாவது வார்த்தைக்கே இருமல் வந்துவிடுகிறது, அதனால் பேனா. நுரையீரலில் கட்டி இருந்த மூலையை மட்டும் ஆப்பு மாதிரி வெட்டி எடுத்து உன் லேபுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு பஸ் ஏறத் தெம்பில்லை. அந்தத் துண்டு மட்டும் உன்னைப் பார்க்கக் கிளம்பிவிட்டது.

முப்பது வருஷமாகக் கோடு போட்ட பிறகுதான் துணியை வெட்டுகிறேன். நீங்கள் வெட்டி வந்த பிறகு ஓரத்தில் மை தடவுகிறீர்களாமே, நோய் அதுவரைக்கும் வந்திருக்கிறதா என்று பார்க்க. தலைகீழ் டெய்லர்கள்.

பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க இரண்டு மனைவிகளும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். உன் அண்ணி அந்தக் கதையை வார்டு வார்டாகச் சொல்லி வருகிறாள். சிரித்தால் தையல் இழுக்கிறது.

ஒன்றே ஒன்று. மறுபடி வெட்டணும் என்று மட்டும் சொல்லிவிடாதே. இன்னொரு கத்தியை இந்த உடம்பு தாங்காது.

துண்டு போன அண்ணன்


மார்ச் 11

அண்ணா,

சொந்தக்காரர் துண்டை நாங்கள் தொடக்கூடாது. தொட்டேன். மை தடவியதும் நான், வெட்டியதும் நான். ஓரம் சுத்தம். மறுபடி கத்தி வேண்டாம். அண்ணி சொன்னபடி கேட்டு நட.

வாலு


ஜனவரி 19

வாலு,

திரும்பி வந்துவிட்டது. மூன்று இடத்தில். இனி வெட்டிப் பிரயோஜனம் இல்லையாம். டாக்டர் பழைய ரிப்போர்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், பேனாவைத் தொலைத்தவர் முகத்தோடு. "ஓரம் சுத்தமாத்தானே இருக்கு" என்றார். சில துணிக்குத் துவைத்தால்தான் சாயம் தெரியும் என்று நான்தான் அவரைத் தேற்றினேன்.

கடையில் கத்தரிக்கோல் இப்போது உன் அண்ணி கையில். என்னைவிட அவள் தேவலையாம். என் காதுபடவே சொல்கிறார்கள்.

பத்து மாதமாக நீ ஏன் எழுதவில்லை?

அண்ணன்


ஜனவரி 27

அண்ணா,

ஓரம் சுத்தம்தான். ஆனால் கட்டிக்கு வெளியே, மூச்சுக்காற்று நிற்கும் சின்னச் சின்ன அறைகளுக்குள், செல்கள் கொத்துக் கொத்தாகத் தனியே கிடந்தன. எங்கள் பெரிய டாக்டர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: "பிளேடு மாத்தினியா?"

கட்டியை வெட்டிய பழைய பிளேடு என்றால், அதுவே கட்டியிலிருந்து செல்லை இழுத்துப்போய் அங்கே போட்டிருக்கலாம். புது பிளேடு என்றால் நோய்தான் நடந்து போயிருக்கிறது. அந்த நுரையீரல் மடலில் மிச்சத்தையும் வெட்டி எடுக்கச் சொல்வார்.

உன் கடிதம் என் கோட்டுப் பையில் இருந்தது. "இல்ல டாக்டர், மறந்துட்டேன்" என்றேன். திட்டினார். அந்தச் செல்களைப் பற்றி ரிப்போர்ட்டில் எழுதவில்லை.

மாற்றியிருந்தேன், அண்ணா. உன் துண்டு என்பதால் புதுசாகப் பிரித்துப் போட்டேன்.


பிப்ரவரி 5

தங்கைக்கு,

வெட்டாதே என்று கெஞ்சியவன் நான். தவளை தன் வாயால் கெடும். உன் அண்ணியிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். எனக்குப் பிறகு அவளுக்கு நீ வேண்டும்.

ஆனால் நீ உன் டாக்டரிடம் போய், மாற்றினேன் என்று சொல். எனக்கு அது உதவாது. வேலை போகும், தெரியும். நாளைக்கு உன் மேசைக்கு வருகிற துண்டுக்காரன் உன்னிடம் கெஞ்சவில்லையே.

சொல்லிவிட்டு வா. சொல்லாமல் வராதே. கட்டிலிலிருந்து வாசலுக்குப் பன்னிரண்டு அடி. நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கணும். சும்மா எழுப்பாதே.

அண்ணன்


பிப்ரவரி 20

அண்ணா,

சொல்லிவிட்டேன். வேறு எந்தத் துண்டுக்காவது இப்படிச் சொன்னாயா என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பவில்லை. நான் வெட்டிய துண்டுகளின் இருநூறு ஸ்லைடுகளை மறுபடி பார்க்க எடுத்து வைத்திருக்கிறார். அலமாரிச் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிறு மத்தியானம் வருகிறேன். கதவைத் திறந்தே வைக்கச் சொல். நீ எழுந்து வராதே.

வாலு