கிணற்றைச் சுற்றிப் பத்துச் சுற்று

அன்புள்ள மச்சான்,

1. என் கணுக்கால். 2. புதிய பயிற்சி. 3. உமது பிழை.

வீக்கம் வற்றிவிட்டது. வைத்தியர் தூர நடை வேண்டாம் என்றதால், நாமிருவரும் நடக்கும் இணுவில் கோயில்வரை போகாமல் வீட்டுக் கிணற்றைச் சுற்றுகிறேன். பத்துச் சுற்று என்று திட்டம் எழுதினேன்; ஆறாவதிலேயே வலித்தது. எரிச்சலில் திட்டம் எழுதிய கொப்பியை எறிந்துவிட்டேன்.

"அண்ணையை வீட்டுப்பக்கம் வராமல் கலைச்சுப்போட்டுச் செக்குமாடு மாதிரிச் சுத்திறியளே," என்கிறாள் உமது தங்கை.

சுகம் கேட்க வந்த உம்மிடமே, உமது வேகத்தால்தான் விழுந்தேன் என்றேன். அதன்பின் நீர் வரவில்லை. மூன்றாவதாக அதையே விளக்க இருந்தேன்.

ஆனால் நான் விழுந்த அன்று மதகடியில், "மெல்ல நடவும் காணும், கோயில் ஓடிப்போகாது!" என்று பின்னாலிருந்து கத்தியது நீர்தான். உம்மை முந்தப் பார்த்தவன் நான். மூன்றாவதாக எழுதியது பிழை, மச்சான்.

கிணற்றடியிலிருந்து,
உமது மச்சான்