அம்மாவின் வெப்சைட்

அனுஷாக் கண்ணுக்கு நைனா ஆசியோடு எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கனடாக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் பாதியில் வைத்துவிடுகிறேன், அதனால்தான் காகிதம். பிரவுசிங் சென்டர் ஜீவா இதைப் படம் பிடித்து அனுப்புவான். நவரை நடவு முடிந்தது, ஏரியில் தண்ணீர் இருக்கிறது, சிவப்பு மாடு கன்று போட்டிருக்கிறது. எதுவும் மனதில் ஒட்டவில்லை. உன் அம்மா காணாமல் போய் இன்றோடு எழுபத்திரண்டு நாள். ஞாபகம் தப்பிய மனுஷியைத் தனியே விட்டுவிட்டுக் கழனிக்குப் போனேனே, நானெல்லாம் ஒரு மனுஷனா.

அம்மாவைத் தேடுவதற்காக நீ போட்ட வெப்சைட்டை ஷேர்டு ஹோஸ்டிங்கிலிருந்து எடுத்துத் தனி சர்வருக்கு மாற்றுகிறேன், சம்பளத்தில் பாதி போனாலும் பரவாயில்லை என்று எழுதியிருந்தாய். வேண்டாம் கண்ணு. சைட் போட்ட அன்றைக்கே நீ கேட்டாய், பலபேருடைய சைட்டோடு ஒரே சர்வரில் இருந்தால் போதுமா, நமக்கென்றே ஒன்று எடுக்கலாமா என்று. ஒரு பொம்பளை போட்டோ வைக்க முழு மிஷின் எதற்கு என்று பெரிய மேதாவிபோல் சொன்னவன் நான். வாட்ஸ்அப் செய்தியில் நம் போன் நம்பரைப் போட்டால் வேலையற்றவர்கள் பேஜார் பண்ணுவார்கள், போட்டோவும் லிங்க்கும் போதும், நம்பர் சைட்டுக்குள்ளே இருக்கட்டும் என்றதும் நான்தான். செய்தி பரவியதும் ஜில்லா முழுக்க ஒரே நேரத்தில் லிங்க்கைத் தொட்டார்கள். நம் பங்குக்கு மேல் கூட்டம் வந்துவிட்டது என்று சர்வர் கம்பெனிக்காரன் சைட்டையே நிறுத்திவிட்டான். அன்று சாயங்காலம்வரை திறக்கவில்லை.

உன்னிடம் ஒன்றை ஒரு வாரமாக மறைத்து வைத்திருக்கிறேன். மாகறலில் டீக்கடை வைத்திருக்கும் முனியன் என்பவரைப் பார்த்தேன். அன்றைக்கு உன் அம்மா அவர் கடை பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாளாம். போட்டோவை வைத்து அடையாளம் கண்டு, டீ கொடுத்து, பன் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார். "நம்பர் இன்னான்னு பாக்கலாம்னு தொட்டுக்கினே இருந்தேன் சார், சுத்திக்கினே கீது, தொறக்கவே இல்ல. பக்கத்துக் கடைக்காரரு போன்ல பாக்கலாம்னு போய்ட்டு வரதுக்குள்ள அந்தம்மா பஸ் ஏறிடுச்சி" என்றார். எந்த பஸ் என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார், நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்டுக்கொள்வது.

அப்புறம் நம்பரோடு அனுப்பினோம், நீயும் வந்து இருபது நாள் அலைந்துவிட்டுப் போனாய். ஏற்கெனவே பார்த்ததுதான் என்று ஜனங்கள் தள்ளிவிட்டுப் போகிறார்கள். கூட்டமே இல்லாத இடத்துக்குத் தனி சர்வர் எதற்கு? ஜீவா கணக்கைத் திறந்து காட்டினான். ஒரு நாளைக்கு மூன்று முறை திறக்கிறார்களாம். ஒன்று நான், ஒன்று நீ. மூன்றாவது யாரடா என்று அவன் தோளைப் பிடித்துக் கேட்டேன். ஆள் இல்லை பெரியப்பா, இன்டர்நெட்டில் எல்லாச் சைட்டையும் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிற மிஷின் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

நீ வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளைமேல் எரிந்து விழாதே, அவர் என்ன செய்வார். குலதெய்வம் உங்கள் இருவருக்கும் துணையிருக்கட்டும். ஷேர்டு ஹோஸ்டிங்கே போதும், வருஷம் முடிவதற்குள் மறக்காமல் புதுப்பித்துவிடு. மூடிவிடாதே கண்ணு. அந்த மிஷினாவது தினம் ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
உன் நைனா
வேதகிரி