பிரிக்காத பெட்டியில் உன் மீட்டர்

நவம்பர் 8, சனிக்கிழமை, மாலை 4.20. மேசைமேல் மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டர் இரண்டு. ஒன்று என்னுடையது. மற்றது, லான்மடாவில் உன் வீட்டுக்குப் போயிருந்தபோது இன்று உன் உம்மா கொடுத்தது.

"அவன் சாமான்ல ஒங்களுக்கு ஒதவுறது இதான் தம்பி. மொத வருசமே அவங்க வாப்பா வாங்கிக் குடுத்தது. பொட்டியவே பிரிக்கல. இதத் தொடாம எப்புடிப் பாஸ் பண்ணான்?"

"என்னோடத இரவல் வாங்கித்தான்மா," என்றேன். அவர்கள் சிரித்தார்கள். பிறகு அழுதார்கள்.

முதல் வருடம் கல்லூரியில் ஊருக்கு ஒரு சங்கம் இருந்தது. ஆளுக்கொரு டி-ஷர்ட், புதியவர்களுக்கு விருந்து. ஒரு சீனியர் என்னிடம் எந்த ஊர் என்றான். தின்கன்ஜூன் என்றேன். பஸ்ஸில் அரைமணி நேரத்தில் வீட்டுக்குப் போகிறவனுக்குச் சங்கம் எதற்கு என்று அடுத்தவனிடம் போய்விட்டான். எனக்கும் கெஞ்சப் பிடிக்காது.

அந்த வாரம்தான் ஆய்வகத்தில் நீ வந்து பர்மீயத்தில் மீட்டர் கேட்டாய். நான் தமிழில் முணுமுணுத்தேன்: "இதுகூட வாங்க வக்கில்லாம ஏன் படிக்க வர்றானுங்க."

நீ தமிழிலேயே சொன்னாய்: "வக்கில்லதான் அண்ணே. அஞ்சு நிமிசம் குடுங்க."

திருப்பித் தர வந்தபோது கையில் சமோசாப் பொட்டலம்.

அடுத்த வாரம் வேறு மேசை, அதற்கடுத்த வாரம் வேறு. ஷான் மாநிலத்திலிருந்து வந்த மா கின்னிடமும் அப்படித்தான் போனாய். மூன்றாம் வருடம் டீக்கடையில் நமக்காக இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போடுவார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு சங்கத்து ஆள். நீ எதிலும் இல்லை. உன்னோடு வந்ததால் எனக்கும் ஒரு முக்காலி கிடைத்தது.

ஒருமுறை பொறுக்க மாட்டாமல் கேட்டேன்: "எத்தன வருசம்டா இரவல் வாங்குவ? வெக்கமா இல்ல?"

"இரவல் வாங்குனா திருப்பிக் குடுக்கப் போவணும்ல. ரெண்டு தடவ பேசலாம்."

சால்ஜாப்பு என்று நினைத்தேன்.

இந்த மழைக்காலத்தில் டெங்கு உன்னைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு அந்த மேசையில் யாரும் என்னை விரட்டவில்லை. மா கின், "நலமா?" என்றாள். ம் என்றேன். அதோடு பேச்சு முடிந்தது. அந்தக் கூட்டத்தில் நானாகச் சேர்த்த ஆள் ஒருவர்கூட இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. இப்போது மூலையில் தனியாக உட்கார்ந்து டீ குடிக்கிறேன். படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தேன். வயர்களில் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றப்படவில்லை. உள்ளே பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. வினிகர் தொட்டுத் துடைத்து, புது பேட்டரி போட்டேன். இரண்டு முனைகளையும் சேர்த்ததும் பீப் என்றது. ஒரு குறையும் இல்லாத மீட்டர். இதை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வாராவாரம் வந்து கையேந்தினாய். என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கலாமேடா. திட்டலாம் என்றால் ஆள் இல்லை.

இனிச் செய்ய வேண்டியவை:

1. திங்கட்கிழமை இரண்டு மீட்டர்களையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது.
2. மா கின்னிடம் மீட்டர் கேட்பது. முறைத்தால் முறைக்கட்டும்.
3. சமோசா வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்கப் போவது. கொடுத்ததும் திரும்பி வந்துவிடாமல் இருப்பது.