தோர்கிலின் மூன்றாவது குன்று

ஜனவரி 17, செவ்வாய்

இன்றும் ஓடினேன். குளிர்கலத்திலிருந்து எம்.ஆர்.ஐ. அறை வரைக்கும், கையில் ஊசிக்குழலோடு. உள்ளே பைருவேட், அதாவது சர்க்கரையை உடல் பாதி உடைத்தால் கிடைக்கும் சரக்கு. மணிக்கணக்கில் உறையவைத்து அதற்கு ஏற்றும் காந்த வீரியம், கரைத்த இரண்டு மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்குள் அது படுத்திருப்பவரின் நரம்பில் ஏறி, இதயத்துக்குப் போய், திரையில் மூன்று குன்றுகளாக எழ வேண்டும். முதலாவது நாங்கள் அனுப்பிய பைருவேட். இரண்டாவது எரியாமல் ஒதுங்கிய லாக்டேட். மூன்றாவதுதான் முக்கியம்: இதயம் சர்க்கரையை எரித்ததற்கான புகை. சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தவரின் இதயம் நல்லது என்றால் அது எழுந்தே ஆக வேண்டும்.

படுத்திருந்தது தோர்கில். எங்கள் குழுவின் இதய மருத்துவன். ஜனவரிக் குளிரிலும் எங்கள் ஓர்ஹுஸ் நகரத்துக் கடலில் குளிக்கிற பைத்தியம். ஆரோக்கியத்துக்கு அளவுகோல் என்று வெள்ளோட்டத்துக்கெல்லாம் அவனைத்தான் படுக்க வைக்கிறோம். முதல் இரண்டு குன்றும் இருக்கின்றன என்று பார்த்ததோடு சரி, எல்லாக் கண்ணும் மூன்றாவதின் மேல். அது எழவில்லை.

வெளியே வந்தவன், "சிஸ்ஸெல், நடந்தா வந்த? வழியில காபி குடிச்சியா?" என்றான்.

என் தப்பு என்று கையைத் தூக்கிவிட்டேன். வேறு யார் ஓடினார்கள்?

ஜனவரி 20, வெள்ளி

தப்புக் கேக் கொண்டுபோனேன். இந்த நாட்டில் தப்பு செய்தவர் கேக் வைத்தாக வேண்டும், ஆராய்ச்சிக்கூடம் மட்டும் விலக்கா? மேலே தேங்காயும் காய்ச்சிய சர்க்கரையும் ஊற்றியது. தோர்கில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்தான், பிறகு இன்னொன்று, அப்புறம் தட்டில் ஒட்டியிருந்தது.

"உன் காலு மெதுவு, ஆனா கை மணக்குது. அடிக்கடி தப்பு பண்ணு."

கேக் தீர்ந்தது, பேச்சும் தீர்ந்தது.

ஜனவரி 31, செவ்வாய்

தலைதெறிக்க ஓடினேன். படுத்தது தோர்கில்தான். மூன்றாவது குன்று மறுபடியும் எழவில்லை.

தலைவி மெரெத்தெ என்னை ஓரமாக அழைத்தாள். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, மார்ச்சுலேருந்து நம்ம எந்திர நேரத்த மூளை ஆராய்ச்சிக்காரங்களுக்குக் குடுத்துருவாங்க. என்னால தடுக்க முடியாது, சிஸ்ஸெல்." மென்மையாகத்தான் சொன்னாள். திட்டியிருக்கலாம். நாலு வருஷ வேலை — என் ரெண்டு காலாலயா போகணும்?

சைக்கிள் நிறுத்தத்தில் அழுதேன். இந்த ஊர்க் காற்றில் யாருக்குக் கண் கலங்கவில்லை?

பிப்ரவரி 3, வெள்ளி

கேக். தோர்கில் மூன்று துண்டு.

பிப்ரவரி 5, ஞாயிறு

வீட்டில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் குன்று நல்ல உயரம். இரண்டாவதற்கும் குறையில்லை. நான் தாமதித்திருந்தால் எல்லாமே அல்லவா மங்கியிருக்க வேண்டும்? ஒன்று மட்டும் எப்படிக் காணாமல் போகும்?

இதை ஏன் யாரும் பார்க்கவில்லை? நான் முந்திக்கொண்டு 'என் தப்பு' என்றேன், கேக் வந்தது, எல்லார் வாயும் அடைபட்டது. என் வாயும்தான்.

பிப்ரவரி 7, செவ்வாய்

"இன்னிக்கு நான் படுக்கிறேன், தோர்கில் ஓடட்டும்" என்றேன். மெரெத்தெ தோளைக் குலுக்கினாள்.

தோர்கில் வழக்கம்போல் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் குடித்தான், கழிப்பறைக்குப் போனான், வந்து திரும்பவும் நிரப்பினான். "ஓட்டம்னா என்னன்னு இன்னிக்குப் பாரு."

பார்த்தேன். ஓட்டமா அது? கதவருகே நின்று மூச்சு வாங்கிக்கொண்டான். போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

காதில் மாட்டியிருந்த கருவியில் மெரெத்தெயின் குரல்: "சிஸ்ஸெல், எழுந்திருச்சு. மூணாவதும்."

நான் உள்ளேயே சிரித்துவிட்டேன். "சிரிக்காத, படம் ஆடுது."

வெளியே வந்து அவனை ஒரு பிடி பிடிக்கலாம் என்றிருந்தேன். அவன் என் படத்தையும் தன் படத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். சர்க்கரையைச் சீண்டாமல் கொழுப்பையே எரிக்கும் இதயம் யாருடையது என்று தினமும் நோயாளிகளுக்கு விளக்குகிறவன் அவன்.

"தாகமெல்லாம் கடல் உப்பாலன்னு நெனச்சேன்" என்றான் மெதுவாக.

ஜெயித்தது நான்தான். ஆனால் பயமாக இருந்தது. இவனுக்கு ஏதாவது ஆகிட்டா நான் யார்கிட்ட வம்பு வளர்க்கிறது?

பிப்ரவரி 9, வியாழன்

தோர்கிலின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. சர்க்கரை வியாதிதான். கண், சிறுநீரகம் எதுவும் கெடவில்லை, நல்ல நேரத்தில் பிடித்தார்களாம். எந்திர நேரம் எங்களுக்கே. இனி அளவுகோல் நானாம்.

பிப்ரவரி 17, வெள்ளி

தோர்கில் கேக் கொண்டுவந்தான். அவனே சுட்டது. தேங்காய் ஒரு பக்கம் கருகியிருந்தது.

"தப்பு செஞ்சவன் வைக்கிறான். இதய டாக்டருக்குத் தன் இதயம் தெரியல."

முதல் துண்டு எனக்கு. தனக்கு டப்பாவிலிருந்து கறுப்பு ரை ரொட்டியும் அவித்த முட்டையும் எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். நான் வாயில் வைக்கிறவரைக்கும் என் முகத்தையே பார்த்தான்.

"எப்படி இருக்கு?"

அவ்வளவு ருசியான ஒரு கேக்கை நான் சாப்பிட்டதே இல்லை.

"காஞ்சு போயிருக்கு" என்றேன். "தொண்டையில எறங்கல."

நிம்மதியாக முட்டையை உரிக்க ஆரம்பித்தான்.